கடையைப் பூட்டாமல் இடம் மாற்றுவது: இணையதளத்தைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோகும் முறை

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பர் இறுதியில் நின்றது. அகலப் பாதையில் போடி நிலையத்துக்குப் பயணிகள் ரயில் மறுபடி வந்தது 2023 ஜூன் 15 அன்று. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டரை ஆண்டு இடைவெளி. தாமதத்துக்குப் பல காரணங்கள் இருந்தாலும், ரயில் நின்றதற்குக் காரணம் ஒன்றுதான்: பழைய தண்டவாளம் கிடந்த தடத்திலேயே புதியதைப் போட வேண்டியிருந்தது. பழையதைப் பெயர்க்காமல் வேலையைத் தொடங்க வழியில்லை.

இணையதளத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை வாடகைக்கு எடுத்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, சரிபார்த்து, கடைசியில் வாசல் பலகையை மட்டும் திருப்பி வைக்கலாம். அப்படியிருந்தும் பலர் தண்டவாளத்தைப் பெயர்ப்பது போலத்தான் செய்கிறார்கள். பழைய கணக்கு முடியும் நாள் இரவில் கோப்புகளை இறக்கி, புதிய இடத்தில் ஏற்றிவிட்டு, விடியும்போது தளம் தெரியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த அத்தியாயம் சொல்வது இதுதான்: பழையதும் புதியதும் சில வாரம் சேர்ந்தே ஓடட்டும். பார்க்க வருபவரைத் தடுக்க வேண்டாம். எழுதுவதை மட்டும் சில நிமிடம் நிறுத்தினால் போதும்.

பார்ப்பது வேறு, எழுதுவது வேறு

போடிமெட்டில் ஒரு தங்கும் விடுதிக்கு இணையதளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படங்களைப் பார்ப்பது, அறை வாடகையைப் படிப்பது, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் வழியைத் தெரிந்துகொள்வது இவையெல்லாம் பார்க்கும் வேலை. இரண்டு சர்வரிலும் ஒரே நகல் இருந்தால், வருபவர் எந்தச் சர்வருக்குப் போனாலும் கெடுதல் இல்லை. அறையைப் பதிவு செய்வது எழுதும் வேலை. அது இரண்டு சர்வரிலும் நடந்தால் ஒரே கடைக்கு இரண்டு பேரேடு உண்டாகிவிடும். இடமாற்றத்தில் வரும் பெரிய சேதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பேரேட்டிலிருந்துதான் வருகின்றன.

வாசல் எத்தனை இருந்தாலும் பேரேடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைப் போடி வியாபாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் 2007-இல் மின்னணு முறைக்கு மாறியது. போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் அதற்கு மையங்கள் உள்ளன. 2021 ஜனவரியில் கிளவுட் வழி நேரலை ஏலம் அறிமுகமானபோது, ஒரு மையத்தில் நடக்கும் ஏலத்தை மற்ற மையத்தில் உட்கார்ந்தபடியே கேட்கும் வசதி வந்தது. மலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆனால் விலை ஏறும் கணக்கு ஒன்றே. அந்த ஒழுங்கை நம் சிறு தளத்துக்கும் கொண்டுவருவதுதான் நம் வேலை.

உலகின் பெரிய தளங்களும் இதே வழியில்தான் போகின்றன. தமிழ் விக்கிப்பீடியா உள்பட எல்லா விக்கிப்பீடியாக்களையும் நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, அமெரிக்காவில் ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு முழு வேலையையும் மாற்றிப் பார்க்கும் ஒத்திகையை 2016-இல் தொடங்கியது. முதல் முறை கட்டுரைகளைத் திருத்துவது முக்கால் மணி நேர அளவுக்கு நிறுத்தப்பட்டது. திரும்பத் திரும்பப் பழகியதில் 2021-இல் அந்த நேரம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. அந்த இரண்டு நிமிடத்திலும் திருத்துவதுதான் நின்றது, படிப்பது நிற்கவில்லை. அவர்களுக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுத்தது ஒத்திகை.

முதலில் கணக்கெடுங்கள்

வீடு மாறும்போது பரணில் இருப்பதுதான் மறந்துபோகும். தளத்துக்கும் பரண் உண்டு. கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.

1. டொமைன் எங்கே, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அதன் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கிறதா? தளம் செய்துகொடுத்தவரின் மின்னஞ்சலில் கணக்கு இருந்தால், முதலில் அதை உரிமையாளர் பெயருக்கு மாற்றுங்கள்.
2. டிஎன்எஸ் பதிவுகள் அனைத்தும். ஒவ்வொரு வரியையும் நகலெடுத்து வையுங்கள்.
3. கோப்புகளின் மொத்த அளவு, தரவுத்தளத்தின் அளவு.
4. பிஎச்பி, மைசீக்வல் முதலியவற்றின் பதிப்பு எண்கள்.
5. குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள், அதாவது கிரான் பணிகள்.
6. இதே சர்வரில் மின்னஞ்சலும் இருக்கிறதா?
7. வெளியார் இணைப்புகள்: பணம் வாங்கும் கேட்வே, எஸ்எம்எஸ் சேவை, கணக்கு மென்பொருள். இவற்றில் சில, பதிவு செய்த ஐபி முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும். புதிய முகவரியை முன்கூட்டியே அங்கே சேர்க்க வேண்டும்.

டொமைன் பதிவை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், அதைத் தள்ளிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்தால்தான், ஏதாவது கெட்டால் எதனால் கெட்டது என்று தெரியும்.

நாள் பார்ப்பது

ஏலக்காய் விற்கும் தளத்துக்குக் காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் ஐப்பசி, கார்த்திகை ஒத்துவராது. தங்கும் விடுதிக்குக் கோடை விடுமுறை ஒத்துவராது. தளத்தின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வாரத்தில் ஆள் மிகக் குறைவாக வரும் இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது செவ்வாய் அல்லது புதன் அதிகாலையாக இருக்கும். வெள்ளி இரவு வேண்டாம். மறுநாள் சிக்கல் வந்தால் உதவிக்கு ஆள் கிடைக்காது.

வடகிழக்குப் பருவமழையில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று நம் பகுதியில் சொல்ல முடியாது. அதனால் நகலெடுக்கும் கட்டளையை ‘ஸ்கிரீன்’ அல்லது ‘டிமக்ஸ்’ கருவிக்குள் ஓடவிடுங்கள். உங்கள் வீட்டு இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலை தொடரும். இணைப்பு வந்ததும் விட்ட இடத்தில் போய் உட்காரலாம்.

டிடிஎல்: மூன்று நாள் முன்பே குறைக்க வேண்டிய எண்

உங்கள் டொமைன் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்பதை டிஎன்எஸ் சொல்கிறது. அந்தப் பதிலை எத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்தான் டிடிஎல். அது 86,400 என்றிருந்தால், ஒருமுறை கேட்ட இணையச் சேவை நிறுவனம் ஒரு நாள் முழுக்கப் பழைய முகவரியையே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும். 14,400 என்றால் நான்கு மணி நேரம். 300 என்றால் ஐந்து நிமிடம்.

மாற்றத்துக்கு மூன்று நாள் முன்பே இதை 300 ஆக்குங்கள். அன்றைக்கே குறைத்துப் பயனில்லை. பழைய எண்ணோடு ஏற்கெனவே பதில் வாங்கியவர்கள் அந்தக் கெடு முடியும் வரை மறுபடி கேட்கமாட்டார்கள்.

நான் இதைக் கற்றது ஒரு விடுதித் தளத்தை மாற்றியபோது. டிடிஎல்லைத் தொடாமலே முகவரியை மாற்றினேன். என் கணினியில் புதிய தளம் தெரிந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் விடுதிக்காரர் போன் செய்தார். “தம்பி, என் போன்ல ஒரு வாடகை காட்டுது, மக போன்ல வேற வாடகை காட்டுது. ஒரே ரூமுக்கு ரெண்டு குடும்பம் பணம் கட்டியிருக்கு. நான் யாரை ஏத்துறது?” பழைய சர்வர் ஒரு குடும்பத்துக்கும் புதிய சர்வர் இன்னொரு குடும்பத்துக்கும் அதே அறையைக் கொடுத்திருந்தது. பெட்டிகளோடு மலையேறி வந்த ஒரு குடும்பத்துக்கு வேறு விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து டிடிஎல் என் பட்டியலின் முதல் வரி.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஐபிவி6 முகவரிக்கென்று தனிப் பதிவு இருக்கும். ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாக ஓடுகிறது. வழக்கமான ஐபிவி4 பதிவை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்தால், போனில் வருபவர்கள் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள். இரண்டு, உங்கள் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை இதே சமயத்தில் மாற்றாதீர்கள். டாட் காம் பெயர்களுக்கு அந்தத் தகவலின் நினைவுக் கெடு 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். அதை நம்மால் குறைக்க முடியாது. நேம்சர்வரை மாற்றியே ஆக வேண்டுமென்றால் தளத்தை மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே, எல்லாப் பதிவுகளையும் அங்கே அப்படியே எழுதிவிட்டு, மாற்றுங்கள்.

முதல் நகல்

கோப்புகளை உங்கள் வீட்டுக் கணினிக்கு இறக்கி அங்கிருந்து ஏற்றாதீர்கள். 20 ஜிபி கோப்புகள் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் சர்வரிலிருந்து சர்வருக்குப் போக அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். அதையே 10 எம்பிபிஎஸ் வீட்டு இணைப்பிலிருந்து ஏற்ற நாலரை மணி நேரம் பிடிக்கும். இடையில் ஒரு மின்வெட்டு வந்தால் எது போனது, எது போகவில்லை என்று தெரியாது.

‘ஆர்சிங்க்’ என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. முதல் முறை எல்லாவற்றையும் நகலெடுக்கும். அடுத்த முறை மாறியவற்றை மட்டும் எடுக்கும். அதனால் முதல் நகலை ஒரு வாரம் முன்பே, தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடலாம். தினமும் ஒருமுறை ஓட்டினால், கடைசி நாளில் ஓரிரு நிமிட வேலைதான் மிஞ்சும்.

தரவுத்தளத்தை ஒரே பரிவர்த்தனைக்குள் எடுக்கும் முறையில் ஏற்றுமதி செய்யுங்கள். இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு இது தளத்தை நிறுத்தாமலே ஒரு நொடியின் முழுப் படத்தைக் கொடுக்கும். பழைய மைஐசம் வகைக்கு இந்த உத்தரவாதம் இல்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

தமிழ்த் தளங்களுக்கென்று தனியாக ஓர் ஆபத்து உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட். பல பழைய தளங்களில், அட்டவணை ‘லத்தீன்1’ என்று அறிவிக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதோ யூடிஎஃப்-8 பைட்டுகள். பழைய சர்வரில் எழுதுவதும் படிப்பதும் ஒரே தவறான அறிவிப்பின் கீழ் நடப்பதால் எழுத்து சரியாகத் தெரியும். புதிய சர்வர் அந்த அறிவிப்பை நம்பி இன்னொரு முறை மாற்றும்போது ‘ஏலக்காய்’ என்ற சொல் புரியாத ஐரோப்பிய எழுத்துகளின் வரிசையாகிவிடும்.

தீர்வு: ஏற்றுமதிக்கு முன்பே ஒவ்வொரு அட்டவணையின் எழுத்துத் தொகுப்பையும் பாருங்கள். லத்தீன்1 என்றிருந்தால், ஏற்றுமதியையும் லத்தீன்1 என்றே எடுங்கள். அப்போது பைட்டுகள் மாறாமல் வரும். பிறகு கோப்பில் உள்ள அறிவிப்பை ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று திருத்திப் புதிய சர்வரில் ஏற்றுங்கள். ஏற்றியதும் கொம்பு, துணைக்கால், ஃ, ஸ்ரீ வரும் பத்து வரிகளைக் கண்ணால் படித்துப் பாருங்கள். தமிழில் பெயரிட்ட படக் கோப்புகள் இருந்தால் அவையும் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

ஊருக்குத் தெரியாமல் சோதிப்பது

உங்கள் கணினியில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் டொமைன் பெயரையும் புதிய ஐபி முகவரியையும் ஒரு வரியில் எழுதினால், உங்கள் கணினிக்கு மட்டும் புதிய சர்வர் தெரியும். மற்றவர்கள் பழையதையே பார்ப்பார்கள். வாடிக்கையாளராக நடந்து பாருங்கள்: உள்நுழையுங்கள், தேடுங்கள், படம் ஏற்றுங்கள், ஒரு ஆர்டர் போடுங்கள், பில் வருகிறதா பாருங்கள். நேரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இதைக் கவனிக்காவிட்டால் காலை பத்து மணி ஆர்டர் அதிகாலை நாலரை என்று பதிவாகும். சோதனை முடிந்ததும் ஹோஸ்ட்ஸ் வரியை அழித்துவிடுங்கள்.

பாதுகாப்புச் சான்றிதழையும் இப்போதே தயார் செய்யுங்கள். ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ போன்ற இலவசச் சான்றிதழ்களை வழக்கமான வழியில் வாங்க, டொமைன் அந்தச் சர்வரைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். மாற்றத்துக்கு முன் அது நடக்காது. டிஎன்எஸ் பதிவு மூலம் உரிமையை நிரூபிக்கும் வழியில் வாங்குங்கள். அல்லது பழைய சர்வரின் சான்றிதழையும் அதன் சாவிக் கோப்பையும் நகலெடுத்து வையுங்கள்.

மின்னஞ்சல்

அஞ்சல் பெட்டியும் அதே சர்வரில் இருந்தால் தளத்தை முதலில் மாற்றுங்கள், அஞ்சலைப் பிறகு மாற்றுங்கள். சர்வர் சிறிது நேரம் நின்றால் அஞ்சல் தொலைந்துவிடாது. அனுப்பும் சர்வர்கள் சில நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். பழைய பெட்டியில் விழுந்து யாரும் பார்க்காமல் கிடப்பதுதான் ஆபத்து. அதனால் மாற்றிய பிறகும் இரண்டு வாரம் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட சர்வர்களைச் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய சர்வரின் முகவரியை முன்பே சேர்த்து, அஞ்சலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம் சாவியையும் டிஎன்எஸ்ஸில் பதிந்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வெளிநாட்டு வாங்குபவருக்கு நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியல் ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடலாம்.

மாற்றும் வேளை

ஒத்திகையை ஒருமுறை முழுதாகச் செய்து, ஒவ்வொரு படிக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி வைத்திருப்பீர்கள். இப்போது அதே வரிசை:

1. பழைய தளத்தில் எழுதுவதை நிறுத்துங்கள். ‘பதிவு சேவை 20 நிமிடத்தில் திரும்பும்’ என்ற அறிவிப்போடு மற்ற பக்கங்கள் தெரியட்டும்.
2. பழைய சர்வரில் கிரான் பணிகளை நிறுத்துங்கள். இரண்டிலும் ஓடினால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு எஸ்எம்எஸ், இரண்டு பில் போகும்.
3. தரவுத்தளத்தின் கடைசி நகலை எடுத்துப் புதியதில் ஏற்றுங்கள்.
4. ஆர்சிங்க்கைக் கடைசி முறை ஓட்டுங்கள்.
5. கடைசி ஆர்டர் எண்ணும் வரிகளின் எண்ணிக்கையும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள். பழையதைத் திறந்துவிட்டு இன்னொரு நாள் செய்யலாம்.
6. டிஎன்எஸ் முகவரிகளை மாற்றுங்கள்.
7. பழைய சர்வரை வழிகாட்டியாக்குங்கள். அதாவது, அங்கே வரும் கோரிக்கையை அப்படியே புதிய சர்வருக்கு அனுப்பி, பதிலை வாங்கித் தரும் ரிவர்ஸ் பிராக்ஸியாக அமையுங்கள்.
8. புதியதில் எழுதுவதைத் திறந்து, கிரான் பணிகளைத் தொடங்குங்கள்.

ஏழாவது படியை விடாதீர்கள். டிடிஎல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை மதிக்காமல் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நெட்வொர்க்குகள் உண்டு. அந்த வழியாக வருபவரும் பழைய வாசலில் நுழைந்து புதிய பேரேட்டில்தான் எழுதுவார். பகிர்வு ஹோஸ்டிங்கில் இந்த வசதி கிடைக்காவிட்டால், பழைய தளத்தைப் பார்க்க மட்டும் விட்டுவிட்டு, பதிவு செய்யும் இடத்தில் உங்கள் தொலைபேசி எண்ணைப் போடுங்கள்.

திரும்பும் எல்லை

எட்டாவது படிக்கு முன்வரை எந்த நேரத்திலும் பின்வாங்கலாம். புதிய சர்வரில் முதல் ஆர்டர் விழுந்த பிறகு பழையதுக்குத் திரும்பினால் அந்த ஆர்டர் போய்விடும். அதனால் எந்தப் பிழைக்குத் திரும்புவது, எந்தப் பிழையைப் புதியதிலேயே சரிசெய்வது என்று முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணோடு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருப்பதில்லை.

முதல் 48 மணி நேரம் பிழைப் பதிவேட்டையும் பழைய சர்வரின் வருகைப் பதிவேட்டையும் பாருங்கள். பழையதில் வருகை வற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரு வாரம் கழித்து டிடிஎல்லை 14,400-க்கு உயர்த்துங்கள். ஒரு மாதம் கழித்து, கடைசியாக ஒரு முழு பேக்கப் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, பழைய கணக்கை மூடுங்கள். இரண்டு வாடகை கட்டும் அந்த ஒரு மாதத்தை வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். மலையேறி வந்து அறை இல்லாமல் நின்ற குடும்பத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பணம் மிக மலிவு.

உங்களுக்கு இப்போது இடம் மாற்றும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம். என்றாலும் இன்றே உங்கள் டொமைன் கணக்கில் நுழைந்து பாருங்கள். உள்ளே போக முடிகிறதா, டிடிஎல் எண் எவ்வளவு, பேக்கப் கடைசியாக எடுத்த தேதி எது என்ற மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள். மாற்றும் நாள் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.